'அஜெண்டா' என்று நாம் சொல்வது எதை? செய்தி, நாடாளுமன்றம், நம் பிரச்சினைகள்

செந்தூல் வேலன்

எந்தச் செய்தியைப் பற்றிப் பேச்சு வந்தாலும் மூன்றாவது பின்னூட்டத்தில் ஒருவர் "இதுக்குப் பின்னால அஜெண்டா இருக்கு" என்று எழுதிவிடுகிறார். அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. யாருடைய அஜெண்டா, அது எந்த வழியாக வேலை செய்கிறது, எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் குடியிருப்பு இளைஞர்கள் சிலர் தொடர்ந்து இரண்டு வாரம் மலேசியத் தமிழ் நாளிதழ், வானொலி, சமூக ஊடகம் மூன்றையும் பதிந்து பார்க்கத் தயாராக இருக்கிறார்கள். குடியுரிமை ஆவணம், மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு) இடம், தோட்டத் தொழிலாளர் வீடு, தமிழ்ப்பள்ளி, கோவில் நிலம் ஆகியவற்றில் எது மேலே வருகிறது, எது வராமலே போகிறது என்று பார்ப்பது நோக்கம். எதை எண்ணுவது? எங்கே தவறு வரும்? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

செய்திமேசை (பங்சார்)

தம்பி, முதலில் அந்தச் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் பேச்சில் 'அஜெண்டா' என்றால் மறைவான திட்டம். ஆய்வாளர்கள் அந்தச் சொல்லால் குறிப்பது முன்னுரிமை வரிசையை: ஒரு நாளில் ஒரு சமூகம் எந்தெந்த விஷயத்தை, எந்த வரிசையில் முக்கியம் என்று நினைக்கிறது என்பதை. மெக்கோம்ஸ், ஷா இருவரும் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் ஊரில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத 100 பேரைப் பேட்டி கண்டார்கள். அந்த ஊருக்கு வந்த ஒன்பது ஊடகங்களின் செய்தி வரிசையையும், அந்த 100 பேர் முக்கியம் என்று சொன்ன வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஒட்டுறவு 0.97 (முழுக்க ஒத்துப்போனால் 1). 1972இல் அது வெளியானது. எந்தக் கட்சிக்கு வாக்களி என்று ஊடகம் சொல்லி மக்கள் கேட்டார்கள் என்று அதற்குப் பொருளில்லை. எதைப் பற்றி யோசிப்பது என்பதில்தான் ஊடகத்தின் பிடி இருந்தது.

அடுத்த ஆண்டே இன்னொரு சங்கடமான முடிவும் வந்தது. ஃபங்க்ஹவுசர் என்பவர் 1960களின் அமெரிக்கச் செய்திகளை எடுத்துப் பார்த்தார். வியட்நாம் போர்ச் செய்தி உச்சத்துக்குப் போனது 1966இல். அங்கே அமெரிக்கப் படை எண்ணிக்கை உச்சத்தை எட்டியது 1968இல். ஒரு பிரச்சினை பெரிதாகும்போது செய்தியும் தானாகப் பெரிதாகும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படி நடப்பதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ் நாளிதழில் மேசையில் உட்காருபவர்கள் குறைவு, நிரப்ப வேண்டிய பக்கம் அதிகம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி 'மர்மம்' விலகிவிடும். எந்தச் செய்தி தயாராக வந்து சேருகிறதோ அதுதான் முதலில் பக்கத்தில் ஏறும். அமைச்சரின் அலுவலகத்திலிருந்து வரும் அறிக்கையில் பெயர், பதவி, படம், படவிளக்கம் எல்லாம் இருக்கும். அரசாங்கச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் செய்தி திருத்தி எழுதப்பட்டே வரும். தோட்டத்தில் கூரை ஒழுகும் வீட்டைப் பார்க்க ஒரு நிருபரும் வண்டியும் அரை நாளும் வேண்டும். ஒரே மாலையில் இரண்டும் மேசைக்கு வந்தால் எது ஜெயிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யாரும் தொலைபேசியில் உத்தரவு போடத் தேவையே இல்லை.

அதனால் சங்கங்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் அறிக்கையைப் பிற்பகல் 2 மணிக்குள் அனுப்புங்கள். 300 முதல் 350 சொல். முதல் பத்தியிலேயே எந்த இடம், எத்தனை குடும்பம், எந்தத் துறையிடம் என்ன கோரிக்கை என்று வந்துவிட வேண்டும். தலைவருக்கு மாலை போடும் படத்தை அனுப்பாதீர்கள். ஒழுகும் கூரையின் படத்தை, கிடைமட்டமாக எடுத்து, இடமும் தேதியும் எழுதி அனுப்புங்கள். பேட்டி தரச் சம்மதித்த ஒருவரின் எண்ணும் இருக்கட்டும். பெரும்பாலான சங்க அறிக்கைகள் விழுவது இங்கேதான். மூன்று பத்தி நன்றியுரை முடிந்த பிறகு நான்காம் பத்தியில்தான் விஷயம் தொடங்குகிறது. ஆசிரியர் அதுவரை படிக்கமாட்டார்.

தஞ்சோங் மொழிபெயர்ப்பாளர் (பினாங்கு)

அண்ணா சொன்னது எந்தச் செய்தி உள்ளே வருகிறது என்பதைப் பற்றி. உள்ளே வந்த செய்தி எந்தச் சொல்லோடு வருகிறது என்பதையும் சேர்க்க வேண்டும். பினாங்கில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது.

தீவின் தெற்கே மூன்று செயற்கைத் தீவுகள் அமைக்கும் திட்டம் சுமார் 4,500 ஏக்கருக்கு வகுக்கப்பட்டது. 2023 மே மாதம் ஒரே தீவாகக் குறைந்தது. இந்தப் பணிக்கு ஆங்கிலத்தில் 'ரெக்ளமேஷன்' என்கிறார்கள். மலாயில் 'தம்பாக்', அதாவது கொட்டி நிரப்புவது. சீன மொழியிலும் 'கடலை நிரப்புதல்'தான். தமிழில் மட்டும் ஆங்கிலத்தைப் பார்த்து 'நில மீட்பு' என்று எழுதுகிறோம். மீட்பது என்றால் நம்முடையது எவரிடமோ போய்விட்டது, திரும்ப வாங்குகிறோம் என்று பொருள். அது என்றுமே நிலமாக இருந்ததில்லை; மீனவர் வலை வீசும் கடல். திட்டத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இருக்கலாம், இரு பக்கத்துக்கும் வாதம் உண்டு. ஆனால் தமிழ் வாசகர் தலைப்பைப் படிக்கும்போதே ஒரு பக்கத்துக்குச் சாய்ந்துவிடுகிறார். மொழிபெயர்த்தவருக்கு எந்த நோக்கமும் இருந்திருக்காது, அகராதியைத்தான் பார்த்திருப்பார். 'கடல் நிரப்பு' என்று எழுதினால் போதும். நான்கு எழுத்துகூட அதிகம் ஆகாது, ஆனால் உண்மை வரும்.

இதைவிட நம் சமூகத்தை நேரடியாகத் தொடுவது 'ஆவணமற்றவர்', 'நாடற்றவர்' என்ற இரண்டு சொற்கள். செய்திகளில் மாற்றி மாற்றி வருகின்றன. பிறப்புப் பத்திரம் பதியாமல் விட்டுப்போனவருக்கு வழி, தேசியப் பதிவுத் துறையில் தாமதப் பதிவு. அது அந்தத் துறை அளவிலேயே முடியக்கூடிய வேலை. பதிவு செய்தும் 'குடிமகன் அல்ல' என்று பத்திரத்தில் எழுதப்பட்ட பிள்ளைக்கு வழி, கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ், வயது வரம்பைத் தாண்டும் முன் விண்ணப்பம். அது உள்துறை அமைச்சின் முடிவு. எல்லாவற்றையும் 'ஆவணப் பிரச்சினை' என்று எழுதினால் வாசகர் மனத்தில் தோன்றும் தீர்வு என்ன? ஒரு சனிக்கிழமை முகாம் போட்டு பாரம் நிரப்புவது. இரண்டாம் வகைப் பிள்ளைக்கு அந்த முகாமால் ஒன்றும் ஆகாது. ஒரு பிரச்சினைக்கு வைக்கும் பெயரிலேயே அதன் காரணமும் தீர்வும் ஒளிந்திருக்கும் என்பதை ஊடக ஆய்வாளர் எண்ட்மன் 1993இல் தெளிவாக வகுத்தார். பதியும்போது தலைப்பை மட்டும் எண்ணாதீர்கள். எந்தச் சொல், எந்தத் துறையைப் பொறுப்பாக்குகிறது என்று இன்னொரு கட்டமும் வையுங்கள்.

கிள்ளான் வாசகி

இருவரும் ரொம்ப மென்மையாகச் சொல்கிறீர்கள். எல்லாம் ஆள் பற்றாக்குறையும் அகராதியும்தானா? சட்டமும் உடைமையும் எங்கே போயின?

1984 அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல் நாளிதழ் நடத்த முடியாது. 1987 அக்டோபர் 27இல் ஓப்பராசி லாலாங் என்ற பெருங்கைது நடவடிக்கை தொடங்கியது. 106 பேர் கைதானார்கள். தி ஸ்டார், சின் சியூ, வத்தான் மூன்றின் உரிமமும் பறிக்கப்பட்டது. ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்கும் விதி 2012 திருத்தத்தில்தான் போனது. அதுவரை இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஒவ்வோர் ஆசிரியரும் டிசம்பர் வரும்போதெல்லாம் உரிமத்தை நினைத்துக்கொண்டே தலையங்கம் எழுத வேண்டியிருந்தது. பெரிய நாளிதழ்களின் பங்குகள் ஆளுங்கட்சிகளின் கையிலோ அவற்றுக்கு நெருக்கமானவர் கையிலோ இருந்தன. 1924இல் தொடங்கி 2019 தொடக்கத்தில் நின்றுபோன தமிழ் நேசனும் கடைசிக் காலத்தில் ம.இ.கா. முன்னாள் தலைவர் குடும்பத்தின் கையில்தான் இருந்தது. இணையத்துக்கு, புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்கும் 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு. இதற்கெல்லாம் அஜெண்டா என்று பெயர் வைக்காமல் வேறு என்ன பெயர் வைப்பது?

செய்திமேசை (பங்சார்)

அக்கா சொல்வதை முழுக்க ஏற்கிறேன். நான் விட்டுவிட்ட பாதி அது. ஆனால் அதை அளக்கும்போது வேறு கருவி வேண்டும். வந்த செய்தியை எண்ணலாம். பயத்தால் எழுதப்படாத செய்தியை எப்படி எண்ணுவது? வெளியே இருக்கும் ஒரு பட்டியலோடு ஒப்பிட்டால்தான் அது தெரியும். ஒரே நாளில் மலாய், சீன, ஆங்கில, தமிழ் நாளிதழ் நான்கையும் வைத்துப் பார்க்கலாம். அதைவிட நல்லது நாடாளுமன்ற ஹன்சாட், அதாவது அவையில் பேசியதன் முழுப் பதிவு. அவையில் கேட்கப்பட்டு, பதிலும் தரப்பட்டு, மறுநாள் எந்தத் தமிழ் ஊடகத்திலும் வராத கேள்விகளைக் குறியுங்கள். அந்த இடைவெளிதான் நீங்கள் தேடுவது.

2025இல் மலேசிய ஊடக மன்றத்துக்கு ஒருவழியாகச் சட்டம் வந்தது. ஆனால் 1984 சட்டம் அப்படியேதான் இருக்கிறது. மன்றத்திடம் புகார் செய்ய முடியும் என்பதால் உரிமத்தின் பிடி போய்விடவில்லை.

அவைக்குறிப்பு (கோலாலம்பூர்)

ஹன்சாட் பேச்சு வந்ததால் நாடாளுமன்றப் பக்கத்தை எழுதுகிறேன். நம் சங்கங்கள் அதிகம் ஏமாறும் இடமும் இதுவே.

மக்களவையில் ஒவ்வொரு நாளும் 'அத்துரான் உருசான் மெஷுவாராட்' என்ற அலுவல் பட்டியல் வெளியாகும். நாடாளுமன்ற இணையதளத்தில் யாரும் இறக்கிப் படிக்கலாம். காலை 10 முதல் 11.30 வரை கேள்வி நேரம், அடுத்து அரசாங்க மசோதாக்கள். பட்டியலின் அடியில் தனி உறுப்பினர் தீர்மானங்கள் இருக்கும். விதிப்படி அரசாங்க அலுவலுக்கே முதலிடம் என்பதால் அந்தத் தீர்மானங்களுக்கு முறை வருவது மிக அரிது. "நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொடுத்துவிட்டோம்" என்று படத்தோடு செய்தி வரும். நீங்கள் பார்க்க வேண்டியது அது பட்டியலில் எத்தனையாவது எண் என்பதைத்தான். கூட்டத்தொடர் முடியும்போதும் அங்கேயே கிடக்கும்.

18ஆம் விதியின் கீழ் அவசரத் தீர்மானம் என்று ஒன்று உண்டு. சபாநாயகருக்கு 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மூன்று நிபந்தனை: குறிப்பிட்ட ஒரு விஷயமாக இருக்க வேண்டும், பொதுநலன் சார்ந்திருக்க வேண்டும், அவசரமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் விழுவது மூன்றாவதில். 'பல ஆண்டாக நீடிக்கும் பிரச்சினை' என்று உருக்கமாக எழுதினால் 'அப்படியென்றால் இன்றே அவசரம் இல்லை' என்று தள்ள நீங்களே காரணம் கொடுத்துவிடுகிறீர்கள். இந்த வாரம் நடந்த ஒன்றைப் பிடித்து எழுத வேண்டும்: வெளியேற்ற நோட்டீஸ், அதன் கெடு தேதி.

எளிய வழி, வாய்மொழிக் கேள்வி. அதிலும் பட்டியலில் முதல் சில எண்களுக்குத்தான் அவையில் பதில் கிடைக்கும். நேரம் முடிந்தால் மற்றவை எழுத்து பதிலாக மாறும், ஊடகம் கவனிக்காது. கேள்வியில் எண்ணிக்கை கேளுங்கள். "அரசாங்கம் என்ன நடவடிக்கை எடுத்துள்ளது" என்று கேட்டால் ஒரு பக்கத்துக்குப் பொதுப்பேச்சு வரும். "15ஏ பிரிவின் கீழ் மாநில வாரியாக எத்தனை விண்ணப்பம், எத்தனை ஏற்பு, எத்தனை நிலுவை" என்று கேட்டால் எண் தராமல் நழுவுவது கடினம். அந்த எண் அடுத்த ஆண்டு வரைக்கும் செய்தியாகும்.

எப்போது கதவு திறக்கும் என்பதற்கு அரசியல் அறிஞர் கிங்டன் 1984இல் ஒரு விளக்கம் தந்தார். பிரச்சினை, தீர்வு, அரசியல் சூழல் என்ற மூன்று ஓடைகளும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியதைப் பாருங்கள். கோரிக்கை மாணவர்களிடம் பல ஆண்டாக இருந்தது. திருத்த வாசகம் சிறியது, தயாராக இருந்தது. 2018 ஆட்சி மாற்றம் மூன்றாவதைக் கொண்டுவந்தது. 2019 ஜூலையில் 211 ஆதரவு வாக்கோடு, எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. தானியங்கி வாக்காளர் பதிவும் அதோடு சேர்ந்தே வந்தது. அந்த இரண்டும் 2021 டிசம்பரில் அமலுக்கு வர, 2018இல் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் பட்டியல் 2022 பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தொட்டது.

2007 நவம்பர் 25இல் இந்தியர் உரிமை கோரி நடந்த ஹிண்ட்ராஃப் பேரணி இன்னொரு வகை. பிரச்சினை ஓடையும் அரசியல் ஓடையும் பெருக்கெடுத்தன. நான்கே மாதத்தில் 2008 மார்ச் தேர்தலில் ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. தயாராக வரைந்த தீர்வுகள் கையில் குறைவாக இருந்தன. அதனால் பிறகு கிடைத்தவை பெரும்பாலும் நிதி ஒதுக்கீடும் அரசாங்கத்தில் தனி அலகும் திட்டமும்தான். சட்டம் மாறவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அடுத்த கதவு திறக்கும்போது கையில் மசோதா வாசகம் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தஞ்சோங் மொழிபெயர்ப்பாளர் (பினாங்கு)

பினாங்கிலிருந்து ஒன்று சேர்க்கிறேன். மேசைக்கே வரவிடாமல் தடுப்பதும் அதிகாரம்தான் என்று அரசியல் அறிஞர்கள் பக்ராக், பாரட்ஸ் 1962இல் எழுதினார்கள். ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, 1976 சட்டம் அதை முடித்தே வைத்தது. பினாங்கு மாநிலம் 2012இல் திரும்பக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014இல் சொன்னது. தேர்தல் நல்லதா கெட்டதா என்ற வாதமே அங்கே நடக்கவில்லை. யாருக்கு அதிகாரம் என்ற கேள்வியிலேயே முடிந்துபோனது.

எண்ணும் எழுத்தும் (ஜெலுத்தோங்)

வேலன் கேட்டது அளவு முறை. அதற்கு யாரும் இன்னும் வரவில்லை, நான் எழுதுகிறேன்.

தொடர்ந்து இரண்டு வாரம் பார்ப்பது என்ற திட்டத்தை முதலில் மாற்றுங்கள். அந்த இரண்டு வாரத்தில் தைப்பூசமோ இடைத்தேர்தலோ வந்துவிட்டால் மற்ற எல்லாம் அமுங்கிவிடும். நீங்கள் அளந்தது ஒரு நிகழ்வை மட்டும். மூன்று மாதத்தின் எல்லாத் திங்கட்கிழமைகளையும் சீட்டில் எழுதிக் குலுக்கி இரண்டு எடுங்கள். அப்படியே செவ்வாய், புதன், ஞாயிறு வரை. மொத்தம் 14 நாள்தான், உழைப்பு அதேதான், ஆனால் முடிவு நிற்கும். நாளிதழுக்கு ஓராண்டைக்கூட இப்படி இரண்டு 'கோத்த வாரம்' ஓரளவு சரியாகக் காட்டும் என்று ஆய்வுகள் உண்டு. ஞாயிறு பதிப்பில் கட்டுரை அதிகம் வரும், அதனால் ஞாயிறை விட்டுவிடவோ கூடுதலாகச் சேர்க்கவோ கூடாது.

நாளிதழில் முதல் பக்கமும் மூன்றாம் பக்கமும். வானொலியில் ஒரே நேரத்துச் செய்தியறிக்கையின் முதல் மூன்று செய்தி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: தேதி, இடம், தலைப்பு வகை, முதலில் மேற்கோள் காட்டப்பட்டவர் யார் (அமைச்சர், கட்சி, அதிகாரி, சங்கம், பாதிக்கப்பட்டவர்), யார் பொறுப்பு என்று செய்தி சொல்கிறது, எதிலிருந்து வந்தது (அறிக்கை, நிகழ்ச்சி, நிருபர் தேடிப்போனது). முதல் மேற்கோள் கட்டத்தைத் தவறவிடாதீர்கள். தலைப்பு நம் பிரச்சினையாகவும் குரல் எப்போதும் மேடையில் நிற்பவருடையதாகவும் இருப்பது அதில்தான் தெரியவரும்.

ஏழு வகைக்கு மேல் வேண்டாம். 'இந்தியர் நலன்' என்று ஒரு வகை வைத்துவிட்டால் எல்லாம் அதில் விழுந்து முடிவே இருக்காது. இருவர் தனித்தனியாக 100 செய்தியைப் பதிய வேண்டும். 84இல் ஒத்துப்போனால் ஒத்திசைவு 0.84. 0.8க்குக் கீழே போனால் வகைகளின் விளக்கத்தைத் திருத்தி மறுபடி பதியுங்கள். ஒருவரை மற்றவரோடு 'சரிசெய்துகொள்ள' விடாதீர்கள், பிறகு அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

அதன்பின் மக்கள் பக்கம். குடியிருப்பில் 60 பேரிடமாவது "இன்று நம் சமூகத்தின் முதல் பிரச்சினை எது" என்று கேளுங்கள். பட்டியலைக் காட்டிக் கேட்டால் அந்தப் பட்டியலே அஜெண்டாவாகிவிடும், திறந்த கேள்வியாகவே இருக்கட்டும். இரண்டு வரிசையையும் ஒப்பிட ஸ்பியர்மன் வாய்ப்பாடு போதும். உதாரணத்துக்கு ஊடகத்தில் 1, 2, 3, 4, 5, 6, 7 என்று நிற்பவை மக்களிடம் 3, 1, 2, 4, 7, 5, 6 என்று வந்தால், வித்தியாசங்களின் வர்க்கக் கூடுதல் 12. அதை ஆறால் பெருக்கினால் 72. தலைப்பு எண்ணிக்கையான 7ஐ, அதன் வர்க்கத்தில் ஒன்று குறைத்த 48ஆல் பெருக்கினால் 336. ஒன்றிலிருந்து 72/336ஐக் கழித்தால் 0.79. ஏழே தலைப்பு இருக்கும்போது 0.7க்குக் கீழ் எது வந்தாலும் தற்செயலாக இருக்கலாம், அதை வைத்து அறிக்கை விடாதீர்கள்.

செய்தி வந்த அன்றே மக்களைக் கேட்பதும் தவறு. நாளிதழ் வரிசை மக்கள் மனத்தில் இறங்க நான்கு முதல் எட்டு வாரம் ஆகும் என்று பொதுவாகக் கண்டிருக்கிறார்கள். எனவே கேள்வியைப் பதிவு முடிந்து ஒரு மாதம் கழித்து வையுங்கள்.

கிள்ளான் வாசகி

சமூக ஊடகத்தை இந்த முறையில் எண்ண முடியாதே தம்பி. ஒவ்வொருவர் கைப்பேசியிலும் வேறு வேறு வரிசை. 2022 நவம்பர் தேர்தல் முடிந்த சில நாளில் டிக்டாக்கில் 1969 மே 13 இனக்கலவரத்தை இழுத்துப் பரவிய காணொலிகளை யாருடைய வரிசையில் எண்ணுவது?

எண்ணும் எழுத்தும் (ஜெலுத்தோங்)

சரியான கேள்வி அக்கா. அதை நாளிதழோடு ஒரே அட்டவணையில் போடவே கூடாது. மூன்று புதிய கணக்கு திறந்து, மூன்று கைப்பேசியில், எதையும் விரும்பாமல் பகிராமல், ஒரே நேரத்தில் முதல் 20 பதிவைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். மூன்றிலும் பொதுவாக வருவதை மட்டும் எண்ணுங்கள். 80 லட்சம் பயனருக்கு மேல் உள்ள தளங்களுக்கு 2025 ஜனவரி முதல் உரிமம் கட்டாயம். ஆனால் வரிசைப்படுத்தும் கணக்கை அவை வெளியிடுவதில்லை. வெளியிலிருந்து நம்மால் பிடிக்க முடிவது இவ்வளவே. காலத் தாமதமும் இங்கே வாரக் கணக்கில்லை, மணிக் கணக்கு.

செந்தூல் வேலன்

எல்லாருக்கும் நன்றி. தேதிகளைக் குலுக்கிப் போடச் சொல்லிவிட்டேன். ஒரே சந்தேகம்: 2019 ஆகஸ்டில் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலில் ஜாவி (அரபு வடிவ மலாய்) எழுத்து ஆறு பக்கம் என்று தொடங்கி மூன்று பக்கமாகக் குறைந்த விவகாரம் போல ஒன்று வந்தால், அதைத் தமிழ்ப்பள்ளி வகையில் போடுவதா, மொழி, இன உரிமை என்று தனியாகப் போடுவதா?

எண்ணும் எழுத்தும் (ஜெலுத்தோங்)

செய்தி யாரைப் பொறுப்பாக்குகிறது என்று பாருங்கள். கல்வி அமைச்சு, பெற்றோர் ஆசிரியர் சங்கம், பாடத்திட்டம் என்று போனால் தமிழ்ப்பள்ளி. ஓர் இனத்தை இன்னோர் இனத்துக்கு எதிரே நிறுத்தினால் உரிமை. அந்த வாரங்களில் ஒரே விஷயம் முதல் நாள் முதல் வகையிலும் மூன்றாம் நாள் இரண்டாம் வகையிலும் விழுந்திருக்கும், அந்த நகர்வையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். விதியை அட்டவணையின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டுப் பதியத் தொடங்குங்கள், பாதியில் மாற்றாதீர்கள்.